மழைக்கு முன் ஊர் கூடி ஒரு நாடகம்

பருவம் தவறிவிட்டது என்பதை இன்று விவசாயிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, பிள்ளையைப் போல வளர்த்த தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, அறுவடைக்கு நின்ற சம்பாக் கதிர்கள் மழையில் சாய்ந்தன. 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் டெல்டாவில் இதே கதைதான். அந்த ஆண்டு டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இது தமிழ்நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழைக்கு ஏறக்குறைய சமம்.

ஆகவே "மாறுகிறதா?" என்ற கேள்வி முடிந்துவிட்டது. "என்ன செய்யப் போகிறோம்?" என்பதே இன்றைய கேள்வி. இதற்காகக் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. ஒலிபெருக்கி வைக்கிறார்கள், வரைபடம் காட்டுகிறார்கள், துண்டுப் பிரசுரம் தருகிறார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் கேள்வி கேட்கிறார்கள். பின்னால் நிற்கும் அரை ஏக்கர்க்காரரும், குத்தகைக்காரரும், நடவுக்குப் போகும் பெண்களும் டீயைக் குடித்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். அடுத்த மழையில் எந்த வயல் மூழ்கியதோ அதே வயல் மறுபடியும் மூழ்குகிறது.

இதற்குச் சொல்பவர்களைக் குறை கூறிப் பயனில்லை. சொல்லித் தீரும் காரியம் ஒன்று, சொல்லித் தீராத காரியம் ஒன்று. விதை நேர்த்தி செய்யும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். கேட்டவர் மறுநாளே தம் வீட்டில் செய்யலாம். ஆனால் வடிகாலைத் தூர்வாருவது, ஏரி மதகை எப்போது திறப்பது, கிணறு வற்றும்போது யார் ஆழ்துளை போடாமல் பொறுப்பது போன்றவை ஒருவர் தனியே செய்து முடிக்கும் காரியங்கள் அல்ல. அவற்றில் ஒருவருக்கு லாபம் என்றால் இன்னொருவருக்கு நஷ்டம். என் வயலில் வடிந்த நீர் அடுத்தவர் வயலில் போய் நிற்கும். பருவம் தவறும் காலத்தில் சிறு விவசாயியின் பிழைப்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் காரியங்களையே நம்பி இருக்கிறது. இவற்றுக்கு விடை எந்த அதிகாரியின் பையிலும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. ஊர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்படிக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி நாடகம் என்பது என் கருத்து. சிரிக்க வேண்டாம். வழக்கமாகப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போகும் நாடகத்தைச் சொல்லவில்லை. பார்ப்பவரே நாடகத்தை நிறுத்திவிட்டு உள்ளே வந்து நடிக்கும் நாடகத்தைச் சொல்கிறேன்.

துடைப்பம் எடுத்த பெண்மணி

இந்த முறையை வகுத்தவர் பிரேசில் நாட்டின் நாடக ஆசிரியர் அகஸ்டோ போவால் (1931-2009). ராணுவ ஆட்சிக் காலமான 1971-ல் சிறைப்பட்டு, பிறகு நாட்டை விட்டு வெளியேறியவர். 1973-ல் பெரு நாட்டில் முதியோர் எழுத்தறிவுப் பணிக்குச் சென்றார். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியை அவர் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனைவி. வீடு கட்டுவதாகச் சொல்லி மாதாமாதம் அவளிடம் பணம் வாங்கும் கணவன். அதற்கு ரசீது என்று சில காகிதங்களைக் கொடுத்து வைக்கிறான். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் படித்துப் பார்த்தால், அவை ரசீதுகள் அல்ல. வேறொரு பெண் அவனுக்கு எழுதிய காதல் கடிதங்கள். ஊருக்குப் போன கணவன் நாளை திரும்பி வருகிறான். அவள் என்ன செய்ய வேண்டும்? இதை நடித்துக் காட்டி, பார்ப்பவர்களிடம் யோசனை கேட்டார்கள். சொல்லப்பட்ட ஒவ்வொரு யோசனையையும் நடிகர்கள் நடித்தார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும் எதுவும் திருப்தியில்லை. "நான் சொன்னது இப்படி இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடிவில் போவால், "அப்படியானால் நீங்களே வந்து செய்து காட்டுங்கள்" என்றார். அவர் மேடையேறினார்; துடைப்பத்தை எடுத்துக் கணவன் வேடக்காரரை ஒரு கை பார்த்துவிட்டார்!

பார்ப்பவர் நடிப்பவராக மாறும் நாடகம் அன்று பிறந்ததாகச் சொல்வார்கள். நம்மவர் சிலர் இதை 'விவாத அரங்கு' என்கிறார்கள். இதன் விதிகள் எளியவை. ஒரு சிறு நாடகம் முதலில் முழுவதும் நடக்கும். அது தோல்வியில் முடியும். கஷ்டப்படுகிறவர் கஷ்டத்திலேயே நிற்பார். பிறகு அதே நாடகம் மறுபடி தொடங்கும். இம்முறை பார்ப்பவர்களில் யாரும் "நிறுத்து" என்று குரல் கொடுக்கலாம். கஷ்டப்படுகிறவரின் இடத்தில் தாம் போய் நின்று, தமக்குத் தோன்றும் வழியைச் செய்து பார்க்கலாம். மற்ற நடிகர்கள் விட்டுக்கொடுக்காமல் தத்தம் பாத்திரப்படியே எதிர்த்து நிற்பார்கள். இன்னொரு விதி முக்கியமானது. கெடுதல் செய்யும் பாத்திரத்தைத் திடீரென்று நல்லவராக மாற்றக் கூடாது. அப்படி யாராவது செய்தால் கூட்டத்திலிருந்து "மந்திரம்!" என்று கத்தலாம். வாழ்க்கையில் நடக்காததை நாடகத்தில் நடத்திப் பயன் என்ன?

இதை நடத்துவதற்கு நடுவில் ஒருவர் வேண்டும். எந்தக் கட்சியும் சேராமல், கூட்டத்தைக் கிளறிவிட்டு, "இது நடக்குமா? வேறு வழி உண்டா?" என்று கேட்பவர். சீட்டுக்கட்டின் ஜோக்கரை வைத்து அவருக்கு ஜோக்கர் என்றே போவால் பெயர் வைத்தார். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதா? கூத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்று, ராஜாவையும் கேலி செய்து, பார்ப்பவரோடு பேசும் கட்டியங்காரனை நமக்குத் தெரியும். அந்தக் கட்டியங்காரன் பேச்சோடு நிற்காமல், "நீ வா, நீ செய்" என்று கை பிடித்து இழுத்தால் அதுவே இந்த நாடகம்.

நம் நாட்டில் இதை வெற்றியாக நடத்திக் காட்டியவர்கள் மேற்கு வங்காளத்தில் இருக்கிறார்கள். 1985-ல் சஞ்சய் கங்குலியின் முயற்சியில் சுந்தரவனப் பகுதியில் தோன்றிய 'ஜன சம்ஸ்கிருதி' குழுவில் நடிப்பவர்கள் பெரும்பாலும் கிராமத்து உழைப்பாளிகள். வரதட்சணை, சாராயம் போன்ற, வீட்டுக்குள்ளேயே அமுக்கப்பட்ட விஷயங்களை ஊர் நடுவில் வைத்துப் பேச வைத்தார்கள். 2009 மே 25-ல் அய்லா புயலில் கரைகள் உடைந்து, கடல்நீர் புகுந்து, வயலெல்லாம் உப்பாகிப் போனதும் அதே சுந்தரவனம்தான். வீட்டுக்குள் அமுங்கிய பேச்சை வெளியே கொண்டு வந்த முறை, வரப்புக்குள் அமுங்கிய பேச்சையும் கொண்டு வரும் என்பதே என் நம்பிக்கை.

வடிகால் நாடகம்

ஒரு மாதிரி சொல்கிறேன். டெல்டாவின் கடைமடையில் ஒரு விவசாயி. சொந்தம் ஒரு ஏக்கர், குத்தகை ஒரு ஏக்கர். சம்பா நட்டு இருபது நாள். ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்கிறது. வடிகாலில் ஆகாயத்தாமரை, போதாததற்குக் கீழே ஒரு பெரியவர் வரப்பை நகர்த்தி வடிகாலைப் பாதியாக்கிவிட்டார். நீர் பத்து நாள் வடியவில்லை. பயிர் அழுகிவிட்டது. நிவாரணக் கணக்கெடுக்க வருகிறார்கள். அடங்கலில் நில உடைமைக்காரர் பெயர் இருப்பதால் குத்தகை நிலத்துக்கான பணம் டவுனில் இருப்பவருக்குப் போகிறது. நாடகம் முடிந்தது. கால் மணி நேரம் போதும்.

இனி ஊர் உள்ளே வரட்டும். ஓர் இளைஞர் "நிறுத்து" என்று எழுந்து, பெரியவரிடம் போய்ச் சத்தம் போடுகிறார். பெரியவர் வேடக்காரர் சிரித்துக்கொண்டே, "உங்க அப்பா காலத்துல உங்க வரப்பு எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்குன்னு சங்கிலி வச்சு அளப்போமா தம்பி?" என்கிறார். கூட்டத்தில் சிரிப்பு; பிறகு ஒரு மௌனம். அளந்தால் தப்பிப்பவர் எத்தனை பேர்?

அடுத்தவர் மனுவோடு அலுவலகம் போகிறார். "மனுவை வாங்கிக்கிறேன் ஐயா. சர்வேயர் வரணும், மழை விடட்டும்" என்கிறார் அதிகாரி. மழை விட்ட பிறகு யாருக்கு வடிகால் நினைவிருக்கும்? மனு கொடுக்க வேண்டிய மாதம் ஐப்பசி அல்ல, ஆனி என்பது அங்கேயே எல்லோருக்கும் புரியும்.

மூன்றாமவர் இரவோடு இரவாக வரப்பை வெட்டிவிடுகிறார். அவர் வயல் வடிகிறது. உடனே பள்ளத் தெருவிலிருந்து ஒரு பெண், "உங்க பயிர் பிழைச்சுது அண்ணே, எங்க அடுப்புல தண்ணி நிக்குதே" என்று வந்து நிற்கிறார். அவர் நடிகையாக இருக்க வேண்டியதில்லை; அந்தத் தெருவிலிருந்து பார்க்க வந்தவராகவே இருக்கலாம்.

நான்காவதாக ஒருவர் ரகத்தை மாற்றலாம் என்கிறார். சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் மீண்டு துளிர்க்கும் என்பது உண்மை. கூட்டத்தில் வேளாண்மை அலுவலர் இருந்தால் இதற்குச் சாட்சி சொல்வார். ஆனால் அது ஐந்து மாதப் பயிர். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் சரி. 2024-ல் ஜூலைக் கடைசியில்தான் தண்ணீர் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் எப்போது நாற்று விட்டு, எப்போது அறுப்பது? கடைசி நேரத்துத் தை மழையில் மாட்டாதா? இதற்கு ஒரே ரகம் விடையாகாது. தண்ணீர் வரும் தேதியைப் பார்த்து இரண்டு மூன்று ரக விதைகளைக் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு வரும்.

ஐந்தாவதாக ஒரு பெண் வருகிறார். ஆடியிலேயே வடிகாலின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி ஊரார் சேர்ந்து வெட்டலாம் என்கிறார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்போதுதான் கட்டியங்காரன் கேட்க வேண்டும்: "கூலி யார் தருவது? பத்து ஏக்கர்க்காரரும் அரை ஏக்கர்க்காரரும் ஒரே வரியா? குத்தகை நிலத்துக்கு வரி உழுபவரா, உடையவரா?" இந்த மூன்று கேள்விகளையும் எந்தக் கூட்டத்திலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நாடகத்தில் கேட்கலாம். ஏனென்றால் கேட்பது நானல்ல, பாத்திரம்!

இதுதான் இந்த முறையின் பெரிய லாபம். கிராமத்தில் முகத்துக்கு நேரே பேச முடியாதவை அநேகம். உறவு கெடும், கடன் கிடைக்காது, குத்தகை போய்விடும் என்ற பயம். வேடம் அந்தப் பயத்துக்கு ஒரு குடை. அடுத்த லாபம், தோற்பதற்குச் செலவில்லை. உண்மையான வயலில் ஒரு யோசனை தவறினால் ஒரு போகம் போயிற்று. நாடகத்தில் ஐந்து யோசனைகள் தவறினாலும் ஒரு மாலை நேரம்தான் போகும். மழை வருமுன் ஒத்திகை பார்த்துக்கொள்வது மூளையுள்ள காரியமல்லவா?

சில எதிர்ப்புகள்

"நாடகம் போட்டால் மழை பெய்யுமா?" என்று கேட்பார்கள். பெய்யாது, பெய்கிற மழையை நிறுத்தவும் செய்யாது. மழையை எதிர்கொள்ளும் ஊரைத் தயார் செய்யும், அவ்வளவே.

"ஏற்கெனவே பிரசார நாடகங்கள் போடுகிறார்களே" என்பார்கள். அவற்றின் பெருமையைக் குறைக்க முடியாது. 1990களில் அறிவொளி இயக்கக் கலைஞர்கள் ஊர் ஊராகப் பாடி ஆடியதில் எத்தனையோ பேர் சிலேட்டைக் கையில் எடுத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றதும் அந்த எழுச்சியில்தான். ஆனால் அங்கே விடை முன்பே தெரியும்: படி. வடிகால் விஷயத்தில் விடை தெரியாது. தெரியாத விடையைத் தெரிந்ததுபோல் மேடையிலிருந்து முழங்கினால், அது ஒலிபெருக்கிக் கூட்டத்துக்கு வேஷம் கட்டியதாகவே இருக்கும்.

"சண்டை வரும்" என்பது மூன்றாவது எதிர்ப்பு. இதை லேசாகத் தள்ளக் கூடாது. அதற்குச் சில காப்புகள் வேண்டும். கதை பக்கத்து ஊர்க் கதையாக இருக்கட்டும். யாருடைய உண்மைப் பெயரும், அடையாளமும் வரக் கூடாது. எல்லாத் தெருவினரும் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய பொது இடத்தில், பள்ளிக்கூடத் திடலில் நடத்துங்கள். பெண்கள் வேலை முடித்து வரும் நேரமாகப் பாருங்கள். முதல் "நிறுத்து" அவர்களிடமிருந்து வரும்படி கட்டியங்காரன் கொஞ்சம் காத்திருக்கட்டும். கட்டியங்காரனாக நிற்பவர் ஊரில் யாருக்கும் கடனாளியாகவோ, கடன் கொடுத்தவராகவோ இல்லாதிருப்பது உத்தமம். விதை, மருந்து விற்பவர்களிடம் நாடகத்துக்குப் பணம் வாங்காதீர்கள். வாங்கினால் விடை அவர்கள் கடையில்தான் போய் முடியும்.

செலவு பெரிதல்ல. திரை வேண்டாம், ஒப்பனை வேண்டாம். ஐந்தாறு நடிகர்கள், ஒரு பறை, ஒரு மண்வெட்டி, வடிகாலுக்குத் தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு. ஊரில் கூத்துக் கலைஞர்களோ, கல்லூரி போகும் பிள்ளைகளோ இருந்தால் பத்து நாள் பயிற்சியில் தயாராகிவிடுவார்கள்.

கிராம சபைக்குக் கொண்டு போங்கள்

நாடகம் கைதட்டலோடு முடிந்துவிட்டால் அது பொழுதுபோக்கே. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகரசபை உறுப்பினராக இருந்தார். தெருத்தெருவாக இவ்வகை நாடகங்களை நடத்தி, மக்கள் மேடையில் செய்து காட்டிய வழிகளையே மசோதாவாக எழுதி நகரசபைக்குக் கொண்டு போனார். அவற்றில் 13 சட்டங்களாயின. நமக்கு நகரசபை வேண்டாம். கிராம சபை இருக்கிறது. ஆகஸ்ட் 15-ல் ஒன்று, அக்டோபர் 2-ல் ஒன்று.

ஆகவே ஆனி, ஆடியில் நாடகத்தை நடத்துங்கள். படித்த பிள்ளை ஒருவர், வந்த யோசனைகளையும், அவற்றுக்கு எழுந்த தடைகளையும் ஒரு நோட்டில் எழுதட்டும். கூட்டம் ஏற்றுக்கொண்டவற்றை மூன்றாகப் பிரியுங்கள். நாமே செய்யக்கூடியது: தூர்வாரல், ஏக்கர் வரி, விதை இருப்பு. ஊராட்சி செய்ய வேண்டியது: அளவைக்கு மனு, சின்னக் குழாயை எடுத்துவிட்டுப் பெரிய பாலம். அரசு செய்ய வேண்டியது: ஆற்று முகத்துவாரம், மதகு, குத்தகைக்காரருக்கு நிவாரணம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக்குங்கள். நாடகத்தில் ஒருமுறை பேசிப் பழகிய வாய் கிராம சபையில் தயங்காது.

கடைசியாக ஒரு வார்த்தை. "விவசாயிகளே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்" என்று இதைக் காட்டி யாரும் பொறுப்பைக் கழித்துக்கொள்ள விடக் கூடாது. வானத்தில் புகையை ஏற்றிப் பருவத்தைக் கெடுத்ததில் அரை ஏக்கர்க்காரரின் பங்கு மிகச் சிறிது. அடி வாங்குவதில் அவர் முன் வரிசை. இந்த அநியாயத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் முதலில் வாய் திறக்கப் பழக வேண்டும். பக்கத்து வரப்புக்காரரோடு ஒரே குரலில் பேசப் பழக வேண்டும். இரண்டுக்கும் இந்த நாடகம் ஒரு நல்ல பள்ளிக்கூடம். வரும் ஆடியில் ஒரு ஊரிலாவது சுண்ணாம்புக் கோடு போடட்டும்.